கண் திறக்காத படை

ஜூலை 7, திங்கள்

மருந்து கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் டைரி கொடுக்கிறார்கள். சிலிண்டர் வந்த தேதியைத் தவிர அதில் நான் எதுவும் எழுதியதில்லை. இன்று அலோசியஸிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாளைக்கு நானே மழுப்பிவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

அலோசியஸ் இவருடைய, என் வீட்டுக்காரருடைய, சிநேகிதர். காந்திபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. மேல்வரிசையில் ஒரு பல் போய் இரண்டு வருடம் ஆகிறது, வந்து கட்டிக்கொள்ளுங்கள் என்றால் வர மாட்டார். வருடா வருடம் கோயம்புத்தூரில் பொம்மைப் போர் போட்டி நடத்துவது அவர்தான். வளர்ந்த ஆண்கள் ஆளுக்கொரு படையைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்து, மேசைமேல் குன்றும் மரமும் வைத்து, இன்ச் டேப்பால் அளந்து அளந்து சிப்பாய்களை நகர்த்துவார்கள். பகடை உருட்டிப் பார்த்து யார் செத்தார்கள் என்று முடிவு செய்வார்கள். சிப்பாய் ஒவ்வொருவரும் சுண்டுவிரல் உயரம்தான்.

"டாக்டரம்மா, ஆகஸ்ட்ல போட்டி. சென்னியப்பன் முன்னாடியே பேர் கொடுத்துட்டான். அவன் செஞ்ச படைய எங்கிட்டக் கொடுங்க, அவன் பேர்ல நான் ஆடிடறேன்" என்றார்.

"யார் கைலயும் கொடுக்கறதா இல்லீங்க."

"அப்ப யாருங்க ஆடறது?"

"நான் ஆடறேன்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். இவருடைய கருமாதிக்கு வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு ஆடத் தெரியாது என்று நினைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை எதிரே உட்காரவைத்துப் பழகினாரே இவர், அது யாருக்குத் தெரியும்? மட்டன் குழம்பு தீய்ந்த ஞாயிறுகள் எத்தனையோ.

ஒரே ஒரு சிக்கல். வண்ணம் தீட்டாத பொம்மையை மேசைமேல் வைக்க விடமாட்டார்கள். அது போட்டி விதி.

ஜூலை 9, புதன்

மாடி அறையைத் திறந்தேன். மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான்.

பாளையக்காரர் படை. ஈட்டிக்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள், பறை அடிப்பவர்கள், கொடி பிடிப்பவர்கள், கொஞ்சம் குதிரை. எல்லாம் இவரே த்ரீ-டி பிரிண்டரில் வார்த்தெடுத்தவை. முக்கால்வாசி தீட்டியாகிவிட்டது. மிச்சம் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. யாருக்கும் கண் இல்லை. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல் நிறம்.

அது இவருடைய வழக்கம். மற்றவர்கள் கண்ணை முதலில் எழுதுவார்களாம், பிசகினால் திருத்துவது சுலபம் என்று. இவர் மொத்தப் படையும் முடிந்த பிறகு ஒரே நாளில் எல்லாருக்கும் கண் எழுதுவார். அன்றைக்கு என் கிளினிக்கிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துப்போய், முதல் சிப்பாயின் முகத்துக்கு நேரே பிடிப்பார். "சாமி சிலைக்குக் கண் திறக்கறப்ப கண்ணாடி காட்டுவாங்கல்ல?" என்பார். கொதிநீரில் சுத்தம் செய்து வைத்த கருவி என்று நான் கத்துவேன். "கண்ணத் தொறந்துட்டா அப்பறம் நான் தூரிகையால தொடவே மாட்டேன், பூங்கோதை. அதோட என் வேலை முடிஞ்சுது" என்பார்.

நானும் ஒரு ஈட்டிக்காரனுக்கு வேட்டி தீட்டிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லுக்குள் வேர்வரைக்கும் போகிற கைக்கு ஒரு வேட்டி வரவில்லை. நிழல் வருவதற்கு மெல்லிய கோடுகள் இழுக்க வேண்டும். இவர் நொட்டாங்கைக்காரர், அதனால் இவர் கோடுகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். என்னுடையவை வலப்பக்கம் சாய்ந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரோ அவர்களுக்குள் சண்டை மூட்டிவிட்டது போல இருந்தது.

ஜூலை 12, சனி

கிளினிக் கீழே, வீடு மேலே. மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பேன். இன்று சாப்பிட்டுவிட்டு மாடி அறை நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். விழித்தபோது ஈட்டிக்காரர்களில் இரண்டு பேர் கண்ணைத் தவிர முழுதாகத் தீட்டப்பட்டு நின்றார்கள். இடப்பக்கம் சாயும் கோடுகள்.

முன்பே தீட்டியிருப்பார். புதன்கிழமை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாஷிங் மெஷின் ரிப்பேர். இன்னும் மூன்று பேர்.

ஜூலை 16, புதன்

காலையில் ஒரு பாட்டிக்குப் பல் எடுக்கும்போது கஸ்தூரி, என் நர்ஸ், முழங்கையால் இடித்தாள். "டாக்டர், ஏன் அந்தப் பக்கம் நிக்கறீங்க?"

பார்த்தால் நாற்காலிக்கு இடப்பக்கம் நிற்கிறேன். பதினேழு வருடமாக வலப்பக்கம்தான் நின்றிருக்கிறேன். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்றேன். கஸ்தூரி ஃபேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நல்ல பெண், முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு.

பாட்டிக்கு வலிக்கவே இல்லையாம். கும்பிட்டுவிட்டுப் போனார்.

கை கழுவும்போது இடது கட்டைவிரல் நகத்துக்கடியில் சிவப்பு. ரத்தம் என்று நினைத்தேன். கையுறை போட்டிருந்தேனே என்று பிறகுதான் தோன்றியது. தேய்த்தால் போய்விட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஒளித்து எழுத என்ன இருக்கிறது, இந்த டைரியை நான்தான் படிக்கப்போகிறேன். தினமும் மதியம் நான் தூங்கும்போது இரண்டு மூன்று பேர் முடிகிறார்கள். எழுந்தால் வண்ணம் இன்னும் ஈரமாக இருக்கிறது. தலைப்பாகை மடிப்புக்குள் ஊதா நிறம் கொடுப்பது யாருக்கு வரும்? இவருக்குத்தான் வரும்.

தூங்குவதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். போனை அங்கேயே நிற்கவைத்து வீடியோவே எடுக்கலாம். அலோசியஸ் பையன் அப்படித்தான் அவர்கள் வீட்டில் பால் திருடிய பூனையைக் கண்டுபிடித்தான். நான் எடுக்கப்போவதில்லை.

தூரிகை கழுவத் தம்ளரில் தண்ணீர் மாற்றி வைத்தேன். ஜன்னல் திரையை விலக்கிவிட்டேன், இவருக்கு வெளிச்சம் பத்தாது. பிறகு தூங்கப் போனேன். மே மாதத்துக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கியதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

இவருடைய அண்ணன் மருதாசலம் போன் செய்தார். அன்னூரிலிருந்து பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

"அம்மணி, நாளான்னைக்கு ஆடி அமாவாசை. பேரூர்ல தம்பிக்குத் தர்ப்பணம் கொடுக்கோணும். நீயும் வந்துரு."

"எனக்கு கிளினிக் இருக்குதுங்க மாமா."

"ஒரு நாள் சாத்தினா பல்லு ஓடியா போயிரும்? எள்ளுந் தண்ணியும் எறச்சாத்தான் அவன் பாட்டுக்கு நிம்மதியாப் போவான்."

"போக வேண்டாம்" என்றேன்.

"என்ன சொன்னே?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

இன்று ஒன்றும் இல்லை.

தூங்கி எழுந்தேன். தூரிகை காய்ந்து கிடந்தது. தம்ளர் தண்ணீர் தெளிவாக இருந்தது. சாம்பல் நிறத் துப்பாக்கிக்காரர்கள் வைத்தபடியே நின்றார்கள். மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன், தூக்கம் வரவில்லை. ஐந்து மணிக்கு வந்த நோயாளிகளைக் கஸ்தூரி திருப்பி அனுப்பினாள்.

மருதாசலத்துக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? அவரு எனக்கு வேணும். உங்களுக்கு வேண்டாம்னா போங்க, எனக்கு வேணும்." கடைசியில் "சாப்ட்டியா அம்மணி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரல் இவர் குரல் போலவே இருந்தது. அழுதுவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

வந்துவிட்டார். ஐந்து துப்பாக்கிக்காரர்கள்.

ஜூலை 28, திங்கள்

கணக்குப் போட்டால் இன்னும் இரண்டு மதியங்களில் படை முடிந்துவிடும். முடிந்தால் கண். கண் திறந்தால் இவர் வேலை முடிந்தது. பிறகு எதற்கு வருவார்? எனக்கு இருக்கிற பயமெல்லாம் அது ஒன்றுதான், போட்டி எக்கேடு கெட்டால் எனக்கென்ன.

அதனால் இன்று காலை ஒரு காரியம் செய்தேன். கிளினிக்கிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டுவந்தேன். பறை அடிப்பவர்களையும் கொடிக்காரர்களையும் ஒரு டப்பாவில் ஊறப்போட்டேன். இவர்களை இவர் மார்கழியிலேயே தீட்டி முடித்திருந்தார், மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு, ரேடியோ பாட்டுக்குத் தப்பும் தவறுமாகச் சீட்டி அடித்துக்கொண்டு. டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். வண்ணமெல்லாம் சேறாகக் கரைந்து மறுபடியும் சாம்பல் பொம்மைகள் ஆனார்கள்.

இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். கை நடுங்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

எல்லாரும் தயார். பறைக்காரர்கள், கொடிக்காரர்கள், மிச்சமிருந்த துப்பாக்கிக்காரர்கள், அத்தனை பேரும் ஒரே மதியத்தில். எப்போதும் இவ்வளவு வேகம் கிடையாது இவருக்கு. கோடுகள் அழுத்தமாக, அவசர அவசரமாக இருக்கின்றன. சாம்பார் பாத்திரத்தை நான் "நங்" என்று வைத்தால் என்ன அர்த்தமோ அதேதான் இது. கோபம்.

"சரி, தப்புதான்" என்று அறையைப் பார்த்துச் சொன்னேன்.

இடது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. கொடியில் காய்ந்த துணியைக் கஸ்தூரிதான் எடுத்துக் கொடுத்தாள். மழைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

அலோசியஸைக் கேட்டேன், கண் எழுதாவிட்டால் ஆடவிடுவீர்களா என்று. மூன்று நிறம் இருந்தால் போதும், கண் கட்டாயம் இல்லை என்றார். அப்பாடா. இப்படியே கொண்டுபோகலாம், இப்படியே திரும்பக் கொண்டுவரலாம். வேலை பாக்கி இருக்கும்.

ஆகஸ்ட் 2, சனி

போட்டி, முதல் நாள். அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மேசைகளுக்கு நடுவே பொங்கலும் காபியும் ஓடிக்கொண்டிருந்தன. என்னைத் தவிர பெண்கள் யாரும் இல்லை. எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள், துக்க வீட்டில் விடுவது போல.

எதிரே உட்கார்ந்தவன் இர்ஃபான். திருப்பூர்க்காரன், பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறான், யாரோ நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் படை, சிவப்புக் கோட்டுகள். என் படையை அடுக்கி முடித்ததும் குனிந்து பார்த்தான்.

"அக்கா, தொட்டுப் பாக்கலாமா?" அடுத்தவர் பொம்மையைக் கேட்காமல் தொடக்கூடாது, அது இந்த ஆட்டத்தின் மரியாதை. தலையசைத்தேன். ஒருவனை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே கீழே வைத்தான். "யாருக்கும் கண்ணே இல்லையே. ஆனா எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருக்குதுக்கா."

"கண்ணில்லாதவங்ககிட்டத் தோத்துராத" என்றேன்.

தோற்றான். எனக்கே எப்படியென்று தெரியவில்லை. குதிரைகளைக் குன்றுக்குப் பின்னால் ஒளித்துக் கடைசியில் பாயவிட்டேன். அது இவருடைய திருட்டுத்தனம், ஞாயிறுகளில் என்னை எத்தனை தடவை அழவைத்தது. கை கொடுக்கும்போது இர்ஃபான், "நீங்க லெஃப்ட் ஹேண்டாக்கா? பகடை எல்லாம் அந்தக் கைலயே போட்டீங்க" என்றான். இல்லையே என்றேன். தோற்ற பையன் என்னத்தையோ பார்த்திருப்பான்.

அலோசியஸ் எங்களைத் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தார். நாளைக்கு வண்ணத்துக்கான பரிசையும் அவர்தான் தீர்மானிப்பார். மதியத்துக்கு மேல் ஆட்டம் முடிந்ததும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். ஒரேயடியாக அசதி. மாடி அறையில் கொஞ்சம் சாய்ந்துகொண்டு மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

பெட்டி திறந்திருக்கிறது. எல்லாரும் மேசைமேல் வரிசையாக நிற்கிறார்கள். முன்வரிசையில் முதல் ஆளுக்கு நேரே என் கிளினிக் கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

எல்லாருக்கும் கண் இருக்கிறது.

வெள்ளையில் ஒரு புள்ளி, கருப்பில் ஒரு புள்ளி. கடுகில் பாதி இருக்காது. ஒருவருக்குக்கூடப் பிசகவில்லை. நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்க்கிறார்கள். "ஏனுங்க, என்னைக் கேக்காம எதுக்குச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். அறையில் இவர் இல்லை. இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. மே மாதம் ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோதுகூட எனக்கு அது தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

இரண்டாம் நாள் இரண்டு ஆட்டத்திலும் தோற்றேன். குதிரைகளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. வலது கையால் பகடை போட்டேன், ஒன்றும் விழவில்லை.

பரிசுக்காகப் படைகளை நீள மேசையில் பரப்பி வைத்தார்கள். அலோசியஸ் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் படையிடம் வந்ததும் குனிந்தவர் நிமிரவே இல்லை. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண்களைப் பார்க்கத் தெரியும். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"டாக்டரம்மா, நேத்து இதுகளுக்குக் கண் இல்ல."

"இல்லீங்க."

"மே மாசம் நான் வந்தப்ப இந்தத் துப்பாக்கிக்காரனுங்க சாம்பலா நின்னானுங்க. நான் என் கண்ணால பாத்தேன்." குரலைத் தாழ்த்தினார். "இது சென்னியப்பன் கோடு. எனக்குத் தெரியாதா?"

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். இர்ஃபானும் வந்து நின்றான்.

"வண்ணப் பரிசுக்கு விதி என்னன்னா, ஆடறவங்க சொந்தக் கையால தீட்டியிருக்கோணும். எல்லாரையும் கேக்கறதத்தான் கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இது யார் தீட்டினது?"

இவர் தீட்டியது என்று சொல்லலாம். சொன்னால், எப்போது என்று கேட்பார்கள். நேற்று என்று சொல்ல வேண்டும். பைத்தியம் என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது இர்ஃபான், "அக்கா, கையில பெயின்ட்" என்றான்.

இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெள்ளையும் கருப்பும் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் காய்ந்திருந்தன. தூரிகை முனையைச் சரிசெய்ய இவர் ஒற்றிப் பார்ப்பாரே, அதே இடம். காலையிலிருந்து அந்தக் கையால் சாம்பார் வாளி வாங்கியிருக்கிறேன், தலை வாரியிருக்கிறேன், பார்க்கவில்லை. ஒருவேளை மூன்று வாரமாகப் பார்க்கவில்லை.

"என் கைதான்" என்றேன்.

கை தட்டினார்கள். கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அலோசியஸ் மட்டும் தட்டவில்லை, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடித்தது என்னை அல்ல என்று தோன்றியது, விடுவித்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று மதியம் தூங்கினேன். ஒன்றும் இல்லை. எழுந்து தம்ளரில் தண்ணீர் மாற்றி, திரையை விலக்கி, மறுபடி தூங்கினேன். ஒன்றும் இல்லை.

இன்று ஸ்பிரிட்டை எடுத்தேன். ஒருவன் போதும். கண்ணை மூடிவிட்டால் பாக்கி வேலை என்று ஒன்று இருக்கும், வருவார். முன்வரிசை முதல் ஆளையே எடுத்து ஊறப்போட்டேன். தலைப்பாகை கரைந்தது, வேட்டி கரைந்தது, தோல் கரைந்தது. டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். முழுவதும் சாம்பலாகிவிட்டான்.

கண் மட்டும் போகவில்லை.

இன்னொரு பாட்டில் ஊற்றினேன். பல் சுரண்டுகிற கொக்கியால் சுரண்டினேன். பொம்மையில்தான் கீறல் விழுந்தது, கண்ணில் விழவில்லை. சாம்பல் முகத்திலிருந்து இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன. கோபமாகப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுத்து எதை நகர்த்துவேன் என்று எதிரே உட்கார்ந்து காத்திருப்பாரே, அப்படிப் பார்த்தன.

இவர் மே மாதம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, வேலை பார்த்த மில்லின் கேன்டீனில், டீ கையில் இருக்கும்போதே இறந்துபோனார். இதை நான் எங்கேயும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மருதாசலத்துக்குப் போன் செய்து சாப்பிட்டேன் என்று சொன்னேன். பிறகு திரையை இன்னும் கொஞ்சம் விலக்கிவிட்டு, வலது கையில் தூரிகையை எடுத்தேன். அம்மணமாக எத்தனை நேரம்தான் நிற்பான், பாவம். முதலில் வேட்டி. கை அங்கங்கே பிசகியது. கோடுகள் வலப்பக்கம் சாய்ந்தன, என் பக்கம்.

ஐந்து மணிக்குக் கஸ்தூரி கீழேயிருந்து கூப்பிடும்வரை தீட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் இன்று தூங்கவில்லை.